செத்தவர் பெயர் தெரியாத கொலை வழக்கு

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு, சான் ரொக்கே தெ பிலாவைக்கோ ஊரின் நீதிமன்ற அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு:

மேடைமேல், நடுவில், உயரமான நாற்காலியில், நீதிபதி நெப்போலியன் வில்லாசிஸ். அவர் மடியில், மேசைக்கு அடியில், யாருக்கும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய செல்போன். கீழே வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, அரசு வழக்கறிஞர் பாபியோலா மொன்காயோ. முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும் என்று அந்த இடத்தை அவரே கேட்டு வாங்கியிருந்தார். இடப்பக்கம், எதிரிக்காக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்காக, அரசு கொடுத்த இலவச வக்கீல் வாஷிங்டன் தாப்பியா; கண் திறந்திருந்தது, அதற்கு மேல் சொல்வதற்கில்லை. அவருக்குப் பக்கத்தில், கையில் விலங்கோடு, ரொசெந்தோ திபான், வயது நாற்பத்தாறு, தச்சர். முதல் பெஞ்சில், பல்செட் செய்கிற பைரன், சாட்சி. இரண்டாவது பெஞ்சில், ஆற்றுத் தெருக்காரர்கள் பதினோரு பேர். அவர்களுக்கு நடுவில், சந்தையில் வறுத்த பன்றிக்கறி விற்கிற ஹசிந்தா. நாற்காலி போதாததால் கதவோரம் நின்றபடி, சார்ஜென்ட் குவாமான். வெளியே சதுக்கத்தில், பலகை பிடித்துக்கொண்டு சுமார் இருநூறு பேர். அவர்களில் பாதிப்பேர் தலைநகரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள்.

மேடைக்கு நேர் கீழே, நீதிபதியின் இடது கைப்பக்கம், பதினோரு வருடமாக அதே ஸ்டூலில், நீதிமன்றச் செயலாளர் தொமித்திலா கினாத்தோவா. மேற்படி பட்டியலை எழுதியது அவர்தான். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எழுதாமல் அவரால் எதையும் ஆரம்பிக்க முடியாது. தன் தங்கைக்கு எழுதிய ஒரு கடிதத்தில், சாப்பாட்டு மேசையைச் சுற்றி யார் யார் எங்கெங்கே இருந்தார்கள் என்று முக்கால் பக்கம் எழுதிவிட்டுத்தான் அப்பா செத்துப்போன விஷயத்துக்கே வந்தார்.

அன்று முடிவாக வேண்டியிருந்தது ஒன்றுதான். ரொசெந்தோ வீட்டுக்குப் போவாரா, அல்லது விசாரணை முடியும் வரை மாகாணச் சிறையிலேயே கிடப்பாரா? விசாரணை முடிவது என்றால் அங்கே இரண்டு வருடத்துக்குக் குறையாது.

வழக்கு பத்தொன்பது விநாடி நீளம். நவம்பர் பதினான்காம் தேதி விடிகாலை, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போன பைரன், பின்னாலிருக்கும் ஆற்றுத் தெருவின் தச்சுப்பட்டறையிலிருந்து ரொசெந்தோ ஓர் ஆளை அக்குளுக்கடியில் கைகொடுத்து இழுத்துவந்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் படமும் பிடித்தார். காபி நிறக் கோட்டுப் போட்ட அந்த ஆளின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு ஷூ கழன்று விழுந்தது. ரொசெந்தோ திரும்பி வந்து ஷூவை எடுத்துக் காலில் மாட்டிவிட்டு, செத்தவரின் கன்னத்தில் செல்லமாக இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தக் கன்னத்தட்டல்தான் நாட்டையே கொதிக்க வைத்தது. வெட்டிக் கொன்றிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் போல. ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்பத்தொரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். 'காபிக்கோட்டுக்காரருக்கு நீதி வேண்டும்' என்று பனியன் அடித்தார்கள். நான்கு நகரங்களில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பனியன் போட்டவர்களில் ஒருவரும் காபிக்கோட்டுக்காரர் யார் என்று கேட்கவில்லை. தொமித்திலா கேட்டார். பங்குக்கோயில் பதிவேட்டை வாங்கி ஊராரை ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். அதைக் குறிப்பாக எழுதிக் கோப்பில் சேர்த்தார். யாரும் படிக்கவில்லை.

நவம்பரில் ரொசெந்தோவை உள்ளே வைக்க நீதிபதிக்குப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் தொமித்திலா எழுதியது: 'வீடியோ திரையிடப்படவில்லை. காரணம்: எல்லோரும் பார்த்தாயிற்று. செயலாளர் பார்க்கவில்லை.' அவரிடம் இருந்தது பொத்தான் போன். அதில் பேசலாம், மணி பார்க்கலாம்.

நீதிபதி கெட்டவர் அல்லர். அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்று அன்று ஒவ்வொரு தெருவும் தன் பழைய வருஷப் பொம்மையைக் கொளுத்தும். அந்த வருடம் ஊரை மிகவும் படுத்தியெடுத்த ஆள் யாரோ, அவர் முகம்தான் பொம்மைக்கு. அவர் பெயரில் ஓர் உயில் எழுதி, ஊர் கூடிச் சிரிக்கச் சிரிக்கப் படிப்பார்கள். ஆண்கள் கறுப்புத் துணி சுற்றிக்கொண்டு அவருடைய விதவைகளாக மாரடித்து அழுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் மேயர் பொம்மையானார். ஜனவரியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு அக்கா வீட்டோடு போய்விட்டார். பொம்மையாகாமல் வருடத்தைக் கடத்துவது, இதுதான் நெப்போலியன் வில்லாசிஸின் முழுநேர வேலை. அதனால் எந்தத் தீர்ப்புக்கும் முன்னால் மடியைக் குனிந்து பார்த்து, ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார். ஆடு திருடியவனுக்கும் அப்படித்தான், வேலித் தகராறுக்கும் அப்படித்தான்.

"இன்னிக்காவது வீடியோவைப் போட்டுக் காட்டணும், ஐயா," என்றார் தாப்பியா, திடீரென்று விழித்தவர் போல.

"எதுக்கு? நாற்பத்தொரு லட்சம் பேர் பார்த்தாச்சு," என்றார் பாபியோலா.

"நான் பார்க்கலைம்மா. என் போன்ல இடமில்லை."

சுவரில் வெள்ளைத்துணி கட்டிப் படத்தை ஓட்டினார்கள். பாபியோலா குச்சியால் சுட்டிக்காட்டினார். "செத்தவர் கையில தட்டையா, கறுப்பா ஒரு பொருள் கட்டியிருக்கு, பாருங்க. சாட்சிப்பொருள் நாலு. கொலை ஆயுதம்."

"செத்தவர் கையிலயா ஆயுதம் இருக்கும்?" என்றார் தாப்பியா.

"திருப்பி அடிச்சிருக்கார், பாவம். கடைசி வரைக்கும் போராடியிருக்கார்."

முதல் பெஞ்சில் பைரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரொசெந்தோ தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வாரமாக அவர் சொன்னதெல்லாம் ஒரே வாக்கியம்: "நான் யாரையும் கொல்லலை, மத்ததை முப்பத்தொண்ணாம் தேதி சொல்றேன்."

தொமித்திலா படத்தைப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு பேனாவைத் துடைத்து மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து, ஒரு துண்டுத்தாளில் எழுதி மேடைக்கு நீட்டினார்.

'ஐயா அவர்களுக்கு, வணக்கம். 1. திரையில் உள்ள கோட்டின் இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, ஊதாக் கறை உள்ளது. 2. அது எட்டு வருடத்துக்கு முன், மார்ச் மாதத்தில், என் முத்திரை மை கொட்டியதால் ஆனது. அன்றே மன்னிப்புக் கடிதம் கொடுத்திருக்கிறேன், நகல் உள்ளது. 3. ஆகவே கொலையுண்டவர் தாங்கள்தான் என்று தெரிகிறது. 4. மேற்கொண்டு செய்யவேண்டியதற்கு உத்தரவிடவும்.'

நீதிபதி இரண்டு முறை படித்தார். அந்த வீடியோவை அவர் நூறு தடவை திறந்திருப்பார். ஒரு தடவைகூட படத்தைப் பார்த்ததில்லை. கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைத்தான் படித்தார். இப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"அது என் கோட்டு!"

நீதிபதி விரலை நீட்டித் திரையைக் காட்டினார்.

"அக்டோபர்லேர்ந்து தேடிக்கிட்டிருக்கேன்! சலவைக்குப் போட்டிருக்குன்னு சொன்னாளே என் பெண்டாட்டி பியதாத்!"

"அப்போ திருட்டும் சேருது, ஐயா," என்று பாபியோலா உடனே எழுதிக்கொண்டார்.

பைரனின் விரல்கள் அதற்குள் வேலையை முடித்துவிட்டன. 'செத்தவர் நம்ம நீதிபதி!!' என்று அவர் போட்ட அரை நிமிடத்தில் சதுக்கத்திலிருந்து ஒரு பெரிய ஓலம் கிளம்பியது. யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நீதிபதியின் மடியில் போன் அடித்தது. கடற்கரை ஊரிலிருந்து அவருடைய தாயார்.

"அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்... இல்லம்மா, நான்தான் பேசறேன்... வேற யாரும் என் குரல்ல பேசலம்மா... சின்ன வயசுல நீ என்னை எப்படிக் கூப்பிடுவேன்னா கேக்கறே? கோர்ட்டுல இருக்கேன்மா, எல்லாரும் இருக்காங்க..." அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். "குட்டிப் பூசணி."

தொமித்திலா குறிப்பில் எழுதினார்: 'பத்து ஐம்பதுக்கு நீதிபதியின் அடையாளம் தாயாரால் உறுதிசெய்யப்பட்டது.'

இரண்டாவது பெஞ்சில் ஹசிந்தா எழுந்து நின்றாள். "ரொசெந்தோ, போதும்யா. சொல்லித் தொலை."

"முடியாதுக்கா. முப்பத்தொண்ணு வரைக்கும் முகத்தை வெளியில காட்டறதில்லைன்னு தெருவே சத்தியம் பண்ணியிருக்கு. போன வருஷம் மாதாகோயில் தெருக்காரங்க நம்ம மூக்கைக் காப்பியடிச்சது மறந்துபோச்சா?"

மாதாகோயில் தெருவில் குடியிருக்கும் பைரன், கூரையைக் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

"உன் மூக்கும் ஆச்சு, உன் சத்தியமும் ஆச்சு! ரெண்டு வருஷம் கம்பி எண்ணப் போறியா?" ஹசிந்தா மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயா, அது பொம்மைங்க. பழைய வருஷம். நவம்பர்ல பட்டறைக் கூரை ஒழுகுச்சு, என் கோழிக்கூண்டுக்கு மாத்தினோம். கோட்டு உங்க வீட்டம்மா குடுத்தது. 'எடுத்துட்டுப் போ, அதைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி'ன்னாங்க."

பாபியோலா கதவுப்பக்கம் திரும்பினார். "சார்ஜென்ட்! கோழிக்கூண்டைச் சோதனை போட்டதா உங்க அறிக்கையில இருக்கே!"

"போட்டேம்மா. 'உள்ளே மனிதர் எவரும் இல்லை'ன்னு எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

"பொம்மை இருந்துச்சா?"

"அதை யாரும் கேட்கலியே." சார்ஜென்ட் குவாமான் ஆற்றுத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். அவர் நீதிபதியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மறைச்சு என்ன ஆகப்போகுது, ஐயா. இந்த வருஷம் உங்க மூத்த விதவை நான்தான்."

பத்து நிமிடத்தில் பொம்மை தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது. சதுக்கத்தில் கூட்டம் விலகி வழிவிட்டது. நாலைந்து பேர் தொப்பியைக் கழற்றினார்கள், ஓர் அம்மாள் மயங்கி விழுந்தாள். பொம்மையைச் சாட்சி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தொமித்திலா முதல் பக்கத்தைத் திருப்பி, பட்டியலின் கீழே சேர்த்தார்: 'பதினொன்று பத்து முதல், மேடைக்கு எதிரே, சாட்சி நாற்காலியில், நீதிபதி நெப்போலியன் வில்லாசிஸ் (இரண்டாமவர்). மடியில் முட்டை ஒன்று.'

"முட்டை என்னுது," என்றாள் ஹசிந்தா. "பொம்மையை வச்சுக்கிட்டு முட்டையைக் குடுங்க."

ரொசெந்தோ நல்ல தச்சர் மட்டுமல்லர். காகிதக்கூழில் ஒரு மருவைக்கூட விட்டுவைக்கவில்லை. வழுக்கை, வழுக்கையை மறைக்க இழுத்துவிட்ட நான்கு மயிர், பயந்த புருவம், எல்லாம் அப்படியே இருந்தன. நீதிபதி மேடையிலிருந்து இறங்கி வந்து அதற்கெதிரே நின்றார். இரண்டு நீதிபதிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் பொம்மை குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என் மூக்கு இவ்வளவு பெரிசா?"

ஆற்றுத் தெருக்காரர்கள் அவரவர் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"எதிரித் தரப்புக்கு ஆட்சேபணை இல்லை, ஐயா," என்றார் தாப்பியா.

"இது ஏன் இப்படிக் குனிஞ்சிருக்கு? கையில என்ன இது, கறுப்பா?"

"போன், ஐயா," என்றார் ரொசெந்தோ மெல்ல. "அட்டையில செஞ்சது. நான் எதையும் கூட்டிக் குறைச்சுச் செய்யலீங்க. ஆட்டு வழக்குக்கு வந்தப்பவும் வேலி வழக்குக்கு வந்தப்பவும் நீங்க இப்படித்தான் உட்கார்ந்திருந்தீங்க. உங்க கண்ணு என்ன நிறம்னு எனக்குத் தெரியலை. பெயிண்ட் அடிக்க வேண்டிய வேலை மிச்சமாச்சு."

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். நீதிபதியின் காது சிவந்தது. மேடையேறி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

பாபியோலா கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரலும் தொமித்திலாவின் ஸ்டூலுக்குக் கேட்கும். "கொலை போனாப் போகுது, ஐயா. நீதிபதியை மிரட்டினான்னு போட்டுக்கலாம். வெளியில இருநூறு பேர் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. அவங்களை வெறுங்கையோட எப்படி அனுப்பறது?"

"ஜனங்க என்ன சொல்றாங்க?" என்று நீதிபதியின் கை தானாக மடிக்குப் போனது. பைரன் அதற்குள் வாக்கெடுப்பே தொடங்கியிருந்தார். தச்சரை உள்ளேயே வைக்க வேண்டும் என்றார்கள் நூற்றுக்கு அறுபத்தெட்டுப் பேர். பொம்மைதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்றார்கள் இருபது பேர். மீதிப்பேர் அந்த ஊரில் வறுத்த பன்றிக்கறி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். நீதிபதி அறுபத்தெட்டைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

ரொசெந்தோ கண்ணை மூடிக்கொண்டார்.

தொமித்திலா எழுந்து நின்றார். பதினோரு வருடத்தில் நீதிபதி உள்ளே வரும்போது தவிர அவர் எழுந்து நின்றதே இல்லை.

"ஐயா, சின்ன நடைமுறை ஒண்ணு பாக்கி இருக்கு."

"என்னது?"

"பொம்மை கையில இருக்கிற பொருளைச் சாட்சிப்பொருள் நாலு, கொலை ஆயுதம்னு வழக்கறிஞரம்மா பதிவு பண்ணியிருக்காங்க. ஆனா அது அட்டை. மாதிரி மட்டும்தான். மாதிரி கோர்ட்டுக்கு வந்தா அசலையும் எடுத்து உறையில போட்டு முத்திரை வைக்கணும். விதி."

அப்படி ஒரு விதி இருந்ததா என்பது நீதிபதிக்குத் தெரியாது. விதி என்றால் பதினோரு வருடமாக அவர் தொமித்திலாவைத்தான் கேட்பார்.

"அசலுன்னா..."

தொமித்திலா கையை நீட்டினார்.

"இப்பவே குடுக்கணுமா? முடிஞ்சதும் குடுத்தா ஆகாதா?"

"முத்திரை வைக்காம உத்தரவு போட்டா உத்தரவு செல்லாது, ஐயா. மாகாணத்துலேர்ந்து திருப்பி அனுப்பிடுவாங்க. சிவப்பு மையில."

சிவப்பு மை என்றதும் நீதிபதி போனைக் கொடுத்துவிட்டார். தொமித்திலா அதை உறையில் போட்டு, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். உள்ளே அது வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

நீதிபதி மேசைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரல் மட்டும் மரப்பலகைமேல் தானாக மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. அதை அவரே கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். மடியைக் குனிந்து பார்த்தார்; அங்கே மடிதான் இருந்தது. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் எதிரே பார்த்தார்.

"உன் பேர் என்னப்பா?"

"ரொசெந்தோ திபான், ஐயா."

"எத்தனை நாளா உள்ள இருக்கே?"

"நாற்பத்தஞ்சு நாளுங்க. ஞாயித்துக்கிழமை ஹசிந்தாக்கா சாப்பாடு கொண்டுவரும். மத்த நாளெல்லாம் சோளக்கஞ்சி."

"செத்தது யாரு?"

"யாரும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு உள்ள வச்சிருக்கு உன்னை?"

ரொசெந்தோ விலங்கோடு கையைத் தூக்கிக் கோப்பைக் காட்டினார். "தாள்ல இருக்கறது உங்க கையெழுத்துங்க, ஐயா. நீங்கதான் சொல்லணும்."

நீதிபதி கோப்பை வாங்கித் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ தெரியாத ஆளின் கையெழுத்தைப் பார்ப்பதுபோல இருந்தது அவர் முகம். நவம்பர் மாதத்துத் தேதி. கீழே, சின்ன எழுத்தில், 'செயலாளர் பார்க்கவில்லை.'

வெளியே ஏதோ கோஷம் எழுந்தது.

"என்ன சொல்றாங்க, தொமித்திலாம்மா?"

"தெரியலை, ஐயா. ஜன்னல் சாத்தியிருக்கு."

"சாத்தினது யாரு?"

"நான்தான், ஐயா. குளுருது."

நீதிபதி பெருமூச்சு விட்டார். "எழுதுங்க. கொலையும் இல்லை, மிரட்டலும் இல்லை, திருட்டும் இல்லை. கோட்டு என் வீட்டம்மா மனசாரக் குடுத்தது. விடுதலை."

ஆற்றுத் தெரு பெஞ்ச் எம்பிக் குதித்தது. ஹசிந்தா முன்னால் ஓடிக் கையில் அகப்பட்டவரைக் கட்டிப்பிடித்து, அவர் தாப்பியா என்று தெரிந்தும் விடவில்லை. பாபியோலா பையை மூடிவிட்டு, நல்ல வெளிச்சமாகப் பார்த்து, நியாயம் வென்றுவிட்டது என்று தன் போனிடம் சொல்ல வெளியே போனார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் நீதிபதி. "அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் சீவ முடியுமா?"

"காய்ஞ்சுபோச்சுங்களே, ஐயா," என்றார் ரொசெந்தோ, உண்மையான வருத்தத்தோடு.

இனி நடைமுறை. விடுதலை உத்தரவு மாகாணச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் கைதியை விட முடியும். விடுவதற்குக் கைதி அங்கே இருக்க வேண்டும். ஆகவே ரொசெந்தோ இரண்டு மணி பஸ்ஸில் சார்ஜென்ட்டோடு சிறைக்குத் திரும்பிப் போய், உள்ளே நுழைந்து, பிறகு வெளியே வர வேண்டும்.

"அந்தக் காகிதத்தை நானே எடுத்துட்டுப் போயிடறேனே, தொமித்திலாம்மா," என்றார் ரொசெந்தோ.

"கைதி தன் விடுதலைக் கடிதத்தைத் தானே கொண்டுபோகக் கூடாது. கண்டக்டர்கிட்ட குடுக்கறேன். நீங்க அவர் பக்கத்து சீட்டுல உட்காருங்க."

தொமித்திலா உத்தரவைச் சுத்தமாகப் படியெடுத்தார். நீதிபதி தானே ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மூன்று பிரதிகளிலும், ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மடித்தார்கள். உறையில் போட்டார்கள். தொமித்திலா முத்திரை மைப்புட்டியைத் திறக்கும்போது நீதிபதியின் முழங்கை அவர் கையில் பட்டது. ஊதா மை குதித்து, நீதிபதியின் புதுச் சாம்பல் நிறக் கோட்டின் இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே விழுந்து பரவியது.

"ஐயோ, ஐயா! சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடறேன்."

நீதிபதி கறையைப் பார்த்தார். சாட்சி நாற்காலியில் குனிந்திருந்தவரையும் பார்த்தார். "இருக்கட்டும்மா. அடுத்த தடவை அடையாளம் கண்டுபிடிக்க உதவும். என் போனு எப்போ கிடைக்கும்?"

"ஜனவரி ரெண்டு, ஐயா. அதுக்கு முன்னாடி இழுப்பறையைத் திறக்க விதி இல்லை."

சதுக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தது. தொமித்திலா உறையின் வாயை ஒட்டி, அரக்கு ஊற்றி, மூன்று இடத்தில் முத்திரை குத்தி, ஆறும் வரை ஊதினார். பிறகு மழையில் நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போய், கண்டக்டரின் கையில் வைத்து, அவர் அதைச் சட்டைக்குள் செருகிப் பொத்தான் போடும் வரை நின்று பார்த்துவிட்டு, போகலாம் என்று பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.